புரட்டாசியில் மீன் வாடை

ஏழாம் மாடியில் அந்த மாதம் அடித்தது மீன் வாடை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கண்ணுகளா. கதையைக் கேட்கும்போது நீங்கள் அங்கே ஒரு சமையலறைச் சுவரின் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். கதைக்குள் இருக்கிறவர்கள் யாரும் வைக்கவில்லை.

சிங்கப்பூரில், ஜாலான் புசாருக்குப் பின்தெருவில், இரும்புச் சாமான் கடைகளுக்கு மேலே தலை நீட்டி நிற்கிறது ஒரு பழைய அடுக்குமாடி. அதில் சந்திரமதியின் சமையலறையில், அலமாரிக்குப் பின்னால், ஒரு பிளக் பாயிண்ட் தளர்ந்துபோய்ச் சூடாகிக்கொண்டிருந்தது. பழைய பிளாஸ்டிக் உள்ளுக்குள் வேகத் தொடங்கினால் மீன் அழுகிய வாடைதான் வரும். மின்சார வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம், கூடத்தில், சக்கர நாற்காலியில் அவர் கணவர் சுப்பிரமணியம் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம்.

இனி ஜோவன்னாவிடம் போவோம்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளை ஒட்டி, மேனேஜ்மென்ட் ஆபீஸ். குடியிருக்கிறவர்கள் அனுப்பும் புகார்களைப் படித்து, ஆங்கிலத்தில் சுற்றறிக்கை எழுதி லிஃப்டில் ஒட்டுவது ஜோவன்னாவின் வேலை. அவள் வருவதற்கு முன்னால் லிஃப்டில் என்னென்ன தொங்கியது தெரியுமா? 'இந்தியக் குடும்பங்களின் கவனத்திற்கு' என்று தொடங்கும் ஒன்று. வேலைக்காரப் பெண்கள் நீச்சல் குளத்துப் பக்கம் உட்காரக் கூடாது என்று ஒன்று. வெளிநாட்டு ஊழியர்கள் சாமான் லிஃப்டில்தான் ஏற வேண்டும் என்று ஒன்று. ஜோவன்னா வந்த முதல் வாரமே எல்லாவற்றையும் கிழித்துப் போட்டாள். யாரையும் இனம் சொல்லி, நாடு சொல்லி, வயது சொல்லிச் சுடாத ஆங்கிலம் எழுதினாள். அதற்கென்று ஒரு பயிற்சிக்குக்கூடப் போய் வந்தாள். நல்ல காரியம்தான் செய்தாள். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

அவளுக்கு அதில் ஒரு சொந்த வலியும் இருந்தது. தொடக்கப்பள்ளியில் அவள் டிபன் டப்பாவைத் திறந்தால் பக்கத்து மேசை மூக்கைப் பிடிக்கும். அம்மா வைத்துக் கொடுத்தது வெறும் தயிர்ச்சோறாக இருந்தாலும், "ஜோ இன்னிக்கும் மீனு!" என்று ஒரு கூச்சல் எழும். இந்தியர், மீன், நாற்றம். இந்த மூன்றும் அவள் காதில் ஒட்டிப் பிறந்த சொற்கள். ஒன்றைக் கண்டால் மூன்றையும் அழிப்பாள்.

புரட்டாசி பிறந்த சமயத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏழாம் மாடியிலிருந்து, சந்திரமதியின் அடுத்த வீட்டுக்காரர் மேடம் கோ எழுதியது. 'மறுபடியும் அந்த இந்தியர் வீட்டு மீன் நாற்றம். அவர்களுக்குப் பழக்கம், எங்களால் தாங்க முடியவில்லை.'

ஜோவன்னா படித்தாள். முகம் சிவந்தது. பிறகு வழக்கம்போல வேலையைத் தொடங்கினாள். 'இந்தியர்' போனது. 'அவர்களுக்குப் பழக்கம்' போனது. 'நாற்றம்' போய் 'வாசனை' வந்தது. கடைசியில் 'மீன்' என்ற சொல்லின் மேல் கை நின்றது. அதையும் எடுத்தாள். அழகான ஒரு பத்தி மிஞ்சியது: சமையல் வாசனை மற்றவர்களுக்குத் தொந்தரவாகாமல் இருக்க, எல்லாக் குடியிருப்பாளர்களும் சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியைப் பயன்படுத்தி, காரிடார் பக்கத்துச் சன்னலைச் சாத்தி வைக்க அன்புடன் வேண்டுகிறோம்.

மேனேஜர் எட்மண்ட் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"சூப்பர் லா, ஜோ. இதைப் படிச்சிட்டு எவனும் சண்டைக்கு வர முடியாது."

"யாரு மனசும் நோகக் கூடாது, பாஸ்."

"நோகாது, நோகாது. கம்ப்ளெயின்ட்ட க்ளோஸ் பண்ணிடு."

"மேல போய் ஒரு தடவை பாத்துட்டு வரவா?"

"எதுக்கு? போய் மோந்து பாத்தேன்னு வையி, அதான் டிஸ்க்ரிமினேஷன்."

அவர் சிரித்தார். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. தமிழச்சி ஒருத்தி தமிழ்க் குடும்பத்து வீட்டு வாசலில் நின்று மோந்து பார்ப்பதா? புகாரை மூடினாள். யாரும் ஏழாம் மாடிக்குப் போகவில்லை.

லிஃப்டில் ஒட்டிய அறிக்கையைச் சந்திரமதி நின்று படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். தோ பாயோவில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அச்சில் வந்ததை மீறத் தெரியாது அவருக்கு. யார் பெயரும் அதில் இல்லைதான். ஆனால் கூட லிஃப்டில் வந்த ஒரு பெண் அறிக்கையைப் பார்த்துவிட்டு அவர் கையிலிருந்த கறிவேப்பிலைக் கட்டைப் பார்த்தாள். அது போதுமே.

வீட்டுக்குப் போனதும் சன்னலைச் சாத்தினார். எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டார். முன்பெல்லாம் தாளிக்கும்போது மட்டும் ஓடும் விசிறி அது. இப்போது காலையில் போட்டால் படுக்கப் போகும்போதுதான் நிற்கும். அந்த விசிறியின் வயர் அலமாரிக்குப் பின்னால் போய், எந்த பிளக் பாயிண்டில் செருகியிருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சந்திரமதிக்கு வாடை தெரியாது. கொரோனா வந்து போனபோது அவருடைய மூக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. ரசம் கொதித்ததா, பால் தீய்ந்ததா, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். சுப்பிரமணியத்தின் மூக்கு நன்றாக இருந்தது.

அவர் இடது கையைத் தூக்கிச் சமையலறையைக் காட்டினார். மூக்கைச் சுருக்கினார். "ம்... ம்..." என்றார்.

"என்னங்க, மீனா?" என்றார் சந்திரமதி, கன்னத்தைத் துடைத்துவிட்டபடி. "எனக்குத் தெரியாதா உங்க நாக்கு? புரட்டாசி நடக்குதுங்க. முடியட்டும், நல்ல தெங்கிரி மீனா வாங்கிப் பொரிச்சுத் தரேன்."

"ம்! ம்!"

"அடம் பிடிக்காதீங்க. பெருமாள் பாத்துக்கிட்டு இருக்காரு."

சாகும்வரை மீன் கேட்பேன் என்று அந்த வீட்டில் சபதம் போட்ட மனிதர் அவர். ஒவ்வொரு புரட்டாசியிலும் ஏதாவது ஒரு நாள் திருட்டுத்தனமாக வெளியே போய்ச் சாப்பிட்டு வந்து மாட்டிக்கொள்வார். அதனால் மனைவிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் கண்ணில் நீர் வந்தபோது மட்டும் சற்று மனம் கசிந்தது. ஆசை இப்படியா ஒரு மனிதனை ஆட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

விசிறி ஓடியது. சுவர் சூடேறியது. காரிடாரில் வாடை கூடியது.

மேடம் கோ மறுபடி எழுதினார். மறுபடியும். ஒவ்வொரு முறையும் கோபம் ஏறியது, ஒவ்வொரு முறையும் 'அந்த இந்தியர் வீட்டு மீன்' இருந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும், செல்லங்களே. மேடம் கோவை வில்லியாக நினைத்துவிடாதீர்கள். சந்திரமதி வெளியே போனால் சாவி அவரிடம்தான் இருக்கும். சீனப் புத்தாண்டுக்கு அவர் ஆரஞ்சு கொடுப்பார், தீபாவளிக்கு இவர் முறுக்கு கொடுப்பார். இத்தனை வருஷப் பழக்கம். அதனால்தான் நேரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முகத்தைப் பார்த்து, "உன் வீட்டில் நாற்றம்" என்று எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் எழுதி ஆபீசுக்கு அனுப்பினால் யார் சொன்னது என்று தெரியாதல்லவா. காலையில் அனுப்புவார், சாயங்காலம் லிஃப்டில் சந்திரமதியைப் பார்த்து நலம் கேட்பார்.

ஜோவன்னாவின் இரண்டாம் அறிக்கை கொஞ்சம் கண்டிப்பாக வந்தது. அதிலும் யார் பெயரும் இல்லை, எந்த இனமும் இல்லை, மீனும் இல்லை. சமையல் முடிந்த பிறகும் விசிறியைத் தொடர்ந்து ஓடவிடவும், என்றது.

அன்றைக்கே சந்திரமதி ஆபீசுக்கு இறங்கி வந்தார். கையில் கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"ஜோவன்னா, ஒண்ணு கேக்கலாமாம்மா? இந்த நோட்டீஸ் எனக்குத்தானே?"

"ஐயோ, இல்ல ஆண்ட்டி! எல்லாருக்கும் பொதுவாத்தான் போட்டோம். உங்கன்னு இல்ல."

"தாளிக்கிறத விட்டுட்டேன். சாம்பார்ப் பொடி வறுக்கிறத விட்டுட்டேன். இட்லி, தயிரு, அவ்வளவுதான் வீட்ல. இன்னும் என்ன வாசனை வருது? எனக்கு மூக்கு வேற இல்ல. என்ன வாசனைன்னு சொன்னாங்களா?"

கேட்டார், பாருங்கள். வாயைத் திறந்து கேட்டார். ஜோவன்னாவின் திரையில் மேடம் கோவின் கடிதம் அப்படியே திறந்து கிடந்தது. ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால், புரட்டாசியில் என் வீட்டில் ஏதம்மா மீன் என்று அந்த அம்மா சொல்லியிருப்பார். அங்கேயே கதை முடிந்திருக்கும்.

ஆனால் அந்தச் சொல்லை இந்த அம்மாளின் முகத்தில் வீச ஜோவன்னாவால் முடியவில்லை. டிபன் டப்பா ஞாபகம் வந்தது.

"அப்படி ஒண்ணும் குறிப்பா சொல்லல, ஆண்ட்டி. சும்மா சமையல் வாசனைன்னு. நீங்க கவலைப்படாதீங்க. ஃபேன் மட்டும் ஓடட்டும்."

"அதை இனிமே அணைக்கவே மாட்டேன்மா" என்றார் சந்திரமதி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து இரவிலும் விசிறி நிற்கவில்லை. அடுப்புக்கு மேலே, அலமாரியை ஒட்டி வெள்ளை ஓடு பதித்திருந்த இடத்தில், ஒரு ஓரம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. மஞ்சள்தூள் கறை என்று நினைத்து சந்திரமதி சோப்புப் போட்டுத் தேய்த்தார். ஓடு இளஞ்சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தார். அந்தப் பக்கம் வெயில் படாது.

கூடத்தில் சுப்பிரமணியம் சாப்பிட மறுத்தார். கையைத் தூக்கினார், காட்டினார், கை விழுந்தது. மறுபடி தூக்கினார்.

பிறகு புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்று வந்தது. சந்திரமதி பட்டுப் புடவை கட்டி, கணவருக்கு நெற்றியில் திருநீறு பூசி, விசிறி ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, சாவியை மேடம் கோவிடம் கொடுத்தார். "சீக்கிரம் வந்திடுறேன், அவரை ஒரு பார்வை பாத்துக்கங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். மேடம் கோ தலையாட்டினார். சற்று நேரத்தில் எட்டிப் பார்க்கலாம் என்று எண்ணி, வாடை பொறுக்காமல் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜோவன்னாவுக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. வேலை முடிந்து சிராங்கூன் சாலைக்கு நடந்தாள். வழக்கமாகச் சாப்பிடும் கடையில் பொரித்த மீன் தட்டு காலியாக இருந்தது.

"மீன் தீந்துடுச்சா அண்ணே?"

"போடவே இல்ல, சிஸ்டர். புரட்டாசி சனி. இன்னிக்கு மீனைப் போட்டா நான்தான் தின்னணும்."

சிரித்துவிட்டு வெளியே வந்தாள். பெருமாள் கோயில் பக்கம் கூட்டம் நடைபாதையை மறைத்து நின்றது. துளசி மணம். கூட்டத்திலிருந்து சந்திரமதி வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தொன்னையில் சர்க்கரைப் பொங்கல்.

"மாதா கோயில் பொண்ணு இதச் சாப்பிடுவியோ?"

"பொங்கலுக்கு ஏது மதம், கொடுங்க ஆண்ட்டி."

"இப்ப வாசனை குறைஞ்சிருக்கா, உண்மையச் சொல்லு. ராவும் பகலும் ஃபேன் ஓடுது. இப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. வீட்டுக்காரருதான் பாவம். மீனு மீனுன்னு கிச்சனையே காட்டி அழுறாரு. புரட்டாசில மீனுக்கு நான் எங்க போவேன்?"

ஜோவன்னாவின் வாய்க்குள் பொங்கல் நின்றது.

"ஆண்ட்டி... இந்த மாசம் வீட்ல மீன் செய்யவே இல்லையா?"

"மீன் சட்டியையே கழுவிக் கவுத்தாச்சு."

"கருவாடு?"

"கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சுடி இது!"

"இல்ல ஆண்ட்டி." அவள் குரல் தணிந்தது. "அவங்க எழுதினது சமையல் வாசனைன்னு இல்ல. மீன் நாத்தம்னு. மாசம் முழுக்க அதேதான். நான்தான் மாத்தி எழுதினேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு."

சந்திரமதி அவளையே பார்த்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது, யாரோ வழி விடச் சொல்லிக் கத்தினார்கள்.

"மீன் நாத்தமா? என் வீட்லயா?" என்றார் மெல்ல. அப்புறம் அவருடைய இடது கை தானாக மேலே எழுந்தது, கணவரின் கை எழுவதைப் போலவே. "அவரு கேக்கலம்மா. காட்டியிருக்காரு."

மீனே இல்லாத வீடு, ராப்பகலாய் ஓடும் விசிறி. மின்சாரத்தில் எதுவோ வேகிறது என்று ஜோவன்னாவுக்கு உறைத்தது; போனை எடுத்துவிட்டிருந்தாள். மேடம் கோ எடுத்ததும், வாடையைப் பற்றித்தான் பேச வருகிறாள் என்று நினைத்து, இன்று தான் ஒன்றும் புகார் எழுதவில்லையே என்றார். "கதவைத் திறங்க, மேடம் கோ. இப்பவே. அவரை வெளிய கொண்டு வாங்க" என்று ஆங்கிலத்தில் கத்தினாள் ஜோவன்னா. செருப்புச் சத்தம் கேட்டது. சாவிக்கொத்து குலுங்கியது. ஒரு இருமல். பிறகு மேடம் கோ தன் தாய்மொழியில் ஏதோ அலறினார், போன் எங்கோ விழுந்தது.

டாக்சி எதுவும் நகரவில்லை. இருவரும் ஓடினார்கள். பட்டுப் புடவையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்த வயதில் சந்திரமதி ஓடியதை வழியில் பூக்கட்டுகிறவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஓடிக்கொண்டே ஜோவன்னா கட்டடத்து டெக்னீஷியன் சுஹைபைக் கூப்பிட்டு ஏழாம் மாடி மின்சார மெயினை அணைக்கச் சொன்னாள். தெருமுனை திரும்பியதும் தலையைத் தூக்கினார்கள். சமையலறைச் சன்னல் இருந்த இடத்தில் கரும்புகை மெதுவாக, அவசரமே இல்லாமல், வெளியே வந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டி அவர்களுக்கு முன்னால் வந்துவிட்டது. கீழே, தபால் பெட்டிகளுக்கு அருகில், சக்கர நாற்காலி நின்றது. அதில் சுப்பிரமணியம். முகமெல்லாம் கரி, மூச்சு இழுத்து இழுத்து வந்தது, வந்துகொண்டுதான் இருந்தது. நாற்காலியின் கைப்பிடியை விடாமல் வெறுங்காலோடு மேடம் கோ நின்றார். அவருடைய சட்டைக் கை பொசுங்கியிருந்தது.

சந்திரமதியைக் கண்டதும் சுப்பிரமணியம் இடது கையைத் தூக்கி மேலே காட்டினார்.

"பாத்துட்டேங்க" என்று அந்தக் கையைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார் அவர். "பாத்துட்டேன். இனிமே காட்ட வேணாம்."

ஆம்புலன்ஸ் அவர்கள் இருவரையும் ஏற்றிப் போயிற்று. பிழைத்துக்கொள்வார் என்று சாயங்காலமே தகவல் வந்துவிட்டது, பயப்படாதீர்கள். மேடம் கோ மட்டும் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஜோவன்னா தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"வேறு யார் வீட்டிலாவது அந்த வாடை வந்திருந்தால் என்ன என்று கதவைத் தட்டிக் கேட்டிருப்பேன்" என்றார் ஆங்கிலத்தில். "அவர்கள் வீடு என்பதால் மீன் என்றே நினைத்தேன்."

வேறு யார் வீட்டைப் பற்றி எழுதியிருந்தாலும், என்ன மீன், எப்போதிலிருந்து என்று ஜோவன்னாவும் கேட்டிருப்பாள்.

சுஹைப் மேலேயிருந்து இறங்கி வந்தார். கையில் உருகிய பிளக் பாயிண்ட், கருவாடு போலவே சுருண்டு கிடந்தது.

"இதப் பாரு சிஸ்டர். உள்ள லூஸ் ஆகி ரொம்ப நாளா வெந்திருக்கு. மீன் நாத்தம் அடிச்சிருக்குமே, யாருமே சொல்லலியா?"

"சொன்னாங்க" என்றாள் ஜோவன்னா.

"எங்கிட்ட வரலியே. சமையல் வாசனை, க்ளோஸ்டுன்னுதான் எனக்கு வந்துச்சு." அவர் அந்தத் துண்டை மேசையில் வைத்தார். "இன்னொண்ணு. இது ஏழாம் மாடிக் கோளாறு மட்டும் இல்ல. எல்லா மாடிக்கும் ஒரே ஆளு, ஒரே சமயத்துல போட்ட பாயிண்ட்."

எட்மண்ட் உள்ளே வந்தார். வியர்த்திருந்தார். "ஜோ, ஒரு சர்க்குலர் போட்டுடு. சின்ன மின்கோளாறு, சரிசெய்யப்பட்டதுன்னு. யாரையும் பயமுறுத்தாம, நீ எழுதுவியே, அந்த மாதிரி."

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அறிக்கை எழுதவில்லை. மூடிய புகார்களின் மூலக் கடிதங்களைத் திறந்தாள். தான் கழுவித் துடைத்து அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் அடியில் அந்தப் பழைய அழுக்குச் சொற்கள் அப்படியே இருந்தன. இத்தனை காலம் அவற்றைப் பார்க்கக் கூசியவள், இப்போது ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தாள். ஓரிடத்தில் நின்றாள். புரட்டாசிக்கு வெகு முன்னால் வந்தது. பதினோராம் மாடி. 'வாடகைக்கு இருக்கும் அந்த இந்தியாக்காரப் பையன்கள். எந்நேரமும் மீன் நாற்றம்.'

அதற்கும் ஓர் அழகான பத்தி எழுதியிருந்தாள்.

"ஜோ? எங்க போறே? சர்க்குலர்?"

அவள் நிற்கவில்லை. லிஃப்டை நிறுத்தியிருந்தார்கள். படியேறினாள். ஏழாம் மாடியைக் கடக்கும்போது தீய்ந்த வாடை தொண்டையில் ஏறியது. அதற்கு மேல் காற்று சுத்தமாக இருந்தது. பத்தாம் மாடி தாண்டியதும் வேறு ஒரு வாடை, மெல்லியதாக.

கதவைத் தட்டினாள். திறந்தவன் ஸ்ரீநாத், சென்னையிலிருந்து வேலைக்கு வந்த பையன். அவள் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைப் பார்த்ததும் பதறினான்.

"சாரி மேடம், சாரி. நோட்டீஸ் படிச்சோம். சன்னலெல்லாம் சாத்தியாச்சு. ஃபேன் எப்பவும் ஓடுது."

"நீங்க சாரி சொல்ல வேணாம். இன்னிக்கு வீட்ல என்ன சமையல்?"

"சமையலே இல்லைங்க. கம்ப்ளெயின்ட் வந்ததுலேர்ந்து வெளியதான் சாப்பாடு. அடுப்பே பத்த வைக்கிறதில்ல."

உள்ளே, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், விசிறி ஓடும் சத்தம் கேட்டது. ஜோவன்னா அவனைத் தாண்டிப் போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தாள். பாத்திரமெல்லாம் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுப்பு பளபளவென்று இருந்தது.

அலமாரியை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.